தூசெல், தனியாக, தானே, தானாக: எதை எங்கே எழுதுவது?

ரோஸ்ஹில் வகுப்பறை, மொரீசியஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சை ஒட்டிப் பிறந்த எங்கள் பேச்சுமொழி) பேசி, பள்ளியில் மட்டும் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். துணையில்லாமல் ஒன்றைச் செய்வதைக் குறிக்கிற சொற்கள் பிள்ளைகளின் நோட்டில் இடம் மாறி மாறி வருகின்றன. மூன்று மாதிரி தருகிறேன்.

"காற்று அடித்ததும் கதவு தனியாக மூடிக்கொண்டது."

"அண்ணன் வரைந்து கொடுத்தானா?" என்ற கேள்விக்கு, "இல்லை டீச்சர், நான் தனியாக வரைந்தேன்."

இவற்றைத் திருத்தி, ‘தானாக’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்த மறுவாரம் வருவது: "எங்கள் தாத்தா தானாக வாழ்கிறார்."

கிரியோலில் மூன்றுக்கும் ‘தூசெல்’ ஒன்றே போதும். ‘லாபோர்ட் லா ஊவேர் தூசெல்’ என்றால் கதவு தானாகத் திறந்தது. ‘மோன் ஃபேர் லி தூசெல்’ என்றால் நானே செய்தேன். ‘கிராம்பேர் ரெஸ் தூசெல்’ என்றால் தாத்தா தனியாக இருக்கிறார். அகராதியைத் திறந்தால் தனியாக, தானாக, தானே, தனித்து, சுயமாக என்று வரிசையாக அடுக்கியிருக்கிறது. பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளக்கூடிய வழி ஒன்று வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போடுகிற அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் நல்லது.


குறில்நெடில், டர்பன்:

டீச்சர், ‘தனி’ என்றால் ‘ஒன்று’ என்று பிள்ளைக்குச் சொல்லிவைப்பதிலிருந்துதான் இந்தக் குழப்பம் கிளம்புகிறது. தனி எண்ணிக்கையைச் சொல்லாது, பிரிவைச் சொல்லும். மற்றதிலிருந்து விலகி நிற்பது எதுவோ அது தனி. விலகி நிற்பவர் ஒருவராக இருக்கலாம், ஆயிரம் பேராகவும் இருக்கலாம்.

தனிக்குடித்தனம் போகிறவர்கள் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். பெற்றோர் வீட்டிலிருந்து பிரிவதால் அது தனி. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் மாறி மாறி வாசித்து, முடிவில் சேர்ந்தே கோர்வை வைப்பதுண்டு. பாட்டும் வயலினும் நின்று தாளம் மட்டும் பிரிந்து ஒலிப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஒரு கட்சி தனித்துப் போட்டியிடுகிறது என்றால் கூட்டணி இல்லை என்று பொருள், வேட்பாளர்கள் நூறு பேர் இருப்பார்கள். கடையில் ‘தனி மிளகாய்த்தூள்’ என்று கேட்டால் மல்லியும் சீரகமும் கலக்காத தூளைக் கொடுப்பார்கள். ‘வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தனியாகக் காசு’ என்றால் அந்தத் தொகை விலையில் சேராது.

உங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நோய் கண்ட கப்பல்களில் வந்த ஒப்பந்தக் கூலிகளை ஃபிளாட் தீவில் இறக்கித் தனிமைப்படுத்தினார்கள். அங்கே கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தார்கள். ஊரோடு சேரவிடாததால் அது தனிமைப்படுத்தல்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளை தனக்குள் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைக் கொடுங்கள்.

யாரோடு? விடை "யாரோடும் இல்லை" என்றால், தனியாக.
யார் கையால்? விடை "வேறு யார் கையாலும் இல்லை" என்றால், தானே (நானே, நீயே, அவளே).
யார் தூண்டி? விடை "யாரும் தூண்டாமல்" என்றால், தானாக (நானாக, நீயாக, அவராக).

தாத்தா யாரோடு வாழ்கிறார்? யாரோடும் இல்லை, ஆகவே தனியாக. படம் யார் கையால் ஆனது? அண்ணன் கையால் அல்ல, ஆகவே நானே. கதவை யார் தள்ளியது? யாரும் இல்லை, ஆகவே தானாக. ‘கதவு யாரோடு மூடியது’ என்று கேட்கவே முடியாது அல்லவா? கேள்வியே பொருந்தாத இடத்தில் அந்தச் சொல்லும் பொருந்தாது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பிழை அடிபட்டுப் போகும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸும் படிப்பதால் இங்கே ஒரு வசதி உண்டு. ஆஃப்ரிகான்ஸ் இந்த மூன்றையும் தமிழைப் போலவே பிரித்து வைத்திருக்கிறது. ‘அலியன்’ என்பது தனியாக, ‘செல்ஃப்’ என்பது தானே, ‘ஃபன்செல்ஃப்’ என்பது தானாக. வீட்டு ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவதால், விளக்கத்தை ஆஃப்ரிகான்ஸ் வழியாகக் கொண்டுபோவது எளிது.


செயின்ட் ஆந்த்ரே, ரெயூனியன்:

ரெயூனியனிலும் இதே கதைதான். இங்கே கிரியோலும் பிரெஞ்சும் இரண்டும் ‘தூ செல்’ என்றே சொல்வதால் பிள்ளைக்கு ஒதுங்க வேறு இடமில்லை. ஆனால் இரண்டு மொழியிலும் ‘அபார்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஒன்றை ஒதுக்கி வைப்பதற்கு அதைச் சொல்வோம். குறில்நெடில் அண்ணா சொன்ன ‘பிரிவு’ப் பொருளைப் பிள்ளைக்குக் காட்ட அதுவே சரியான வாசல். ‘மெட் சா அபார்’ என்றால் "இதைத் தனியாக எடுத்து வை". தனியை அபாரில் தொடங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு தூசெல்லுக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால், தனி என்பது மனிதர் ஒருவரைத்தான் குறிக்கும் என்று பதிந்துவிடும். அப்புறம் "நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசலாம்" என்ற வாக்கியத்தைப் பார்த்துப் பிள்ளை விழிக்கும்.

எழுத்து, ஒலிப்பு பற்றியும் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பழக்கமுள்ள காதுக்கு ன, ண வேறுபாடு கேட்காது. தனி, தணி, தண்ணி மூன்றும் ஒன்றாகப் போகும். ‘தணி’ என்றால் அடங்கு, குறை: கோபம் தணிந்தது, தாகம் தணிந்தது. "அவன் தணியாகப் போனான்" என்று எழுதிய நோட்டுகள் ஏராளம். ண சொல்லும்போது நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ன சொல்லும்போது பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டால் போதும். தணி, தனி, தணி, தனி என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்து, ‘தணி’ வரும்போது மட்டும் கை உயர்த்தச் சொன்னால் இரண்டு வாரத்தில் காது பழகும்.

பேச்சில் இன்னொரு மயக்கமும் உண்டு. ‘தனியாக’ பேச்சில் ‘தனியா’ ஆகிறது. கொத்தமல்லி விதைக்கும் தமிழ்நாட்டில் ‘தனியா’ என்று பெயர். "தனியா அரைச்சு வை" என்று சமையல் காணொளியில் கேட்டால் பிரித்து அரைப்பதா, மல்லி விதையை அரைப்பதா? விதையின் பெயரில் முதல் எழுத்து ‘பந்து’வில் வரும் து போல அதிர்ந்து ஒலிக்கும், மற்றதில் ‘தலை’யில் வரும் த போல அதிராமல் ஒலிக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. அதனால் எழுதும்போது ‘தனியாக’ என்று முழுதாக எழுதுவதே நல்லது. மொரீசியஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, நீங்கள் இன்றைக்கும் ‘கோத்தோமிலி’ என்றுதான் சொல்கிறீர்கள்.


யாங்கோன் தமிழ்வாசகர், பர்மா:

எங்கள் பிள்ளைகள் செய்வது நேர் எதிரான பிழை, அதனால் இங்கே எழுதுகிறேன். பர்மிய மொழியில் தனியாக என்பதற்கு ‘தயௌத்தே’. அதன் நடுவில் இருப்பது ஆட்களை எண்ணும் சொல். ‘ஒரே ஆள் மட்டும்’ என்பதே அதன் அமைப்பு. பொருளானால் சொல் மாறிவிடும், ‘தகுத்தே’. ஆக அங்கே தனிமை என்பது எண்ணிக்கையோடு ஒட்டியே வருகிறது. யாரும் தூண்டாமல் நடப்பதற்கு ‘அலோலோ’, தன் கையால் செய்வதற்கு ‘கோடைங்’ என்று அவை முற்றிலும் வேறு சொற்கள். அதனால் கதவு தனியாக மூடியது என்று எங்கள் பிள்ளைகள் எழுதுவதில்லை. ஆனால் "அம்மாவும் அப்பாவும் தனியாகப் பேசினார்கள்" என்றால் புரிந்துகொள்ள மாட்டார்கள். இரண்டு பேர் எப்படித் தனியாக இருக்க முடியும் என்று கேட்பார்கள். எழுதச் சொன்னால் "ஒரே ஆளாகக் கடைக்குப் போனேன்" என்று வரும். பிழை இல்லைதான், ஆனால் ‘ஒரே ஆளாக’ என்றால் பலர் செய்யவேண்டியதை ஒருவர் முடித்தார் என்ற வியப்பு தொனிக்கும். கடைக்குப் போக அந்த வியப்பு எதற்கு?

குறில்நெடில் ஐயா சொன்ன ‘எண்ணிக்கை அல்ல, பிரிவு’ என்பது எங்களுக்குத்தான் அதிகம் உதவும். தனிக்குடித்தனம் உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.


ஃபீனிக்ஸ் தமிழ்க்கொடி, மொரீசியஸ்:

மூன்று கேள்வி விதி நன்றாக இருக்கிறது. ஆனால் அது இடறும் இடம் ஒன்று உண்டு. "பாப்பா இப்போது தனியாக நடக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். அங்கே ‘யாரோடு’ என்ற கேள்வி எங்கே வந்தது? பக்கத்தில் அம்மா நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.


குறில்நெடில், டர்பன்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள், தமிழ்க்கொடி. பாப்பா பிடித்துக்கொண்டிருந்த கையிலிருந்து பிரிந்து நடக்கிறது. அதனால்தான் தனியாக. யாரோடு என்பதை ‘யாரோடு, எதோடு’ என்று விரித்துக்கொள்ளுங்கள்: ஆளோடு, கூட்டத்தோடு, பிடிமானத்தோடு, கலவையோடு. சைக்கிளில் பின்சக்கரத் துணையைக் கழற்றிவிட்டுப் பிள்ளை ஓட்டினால் "தனியாக ஓட்டுகிறான்".

சாப்பாட்டில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். "பாப்பா தானே சாப்பிடும்" என்றால் ஊட்ட வேண்டாம், தன் கையால் எடுத்துச் சாப்பிடும். "பாப்பா தனியாகச் சாப்பிடும்" என்றால் மற்றவர்களோடு பந்தியில் உட்காராது. "பாப்பா தானாகச் சாப்பிடும்" என்றால் "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்ச வேண்டாம், பசி வந்தால் வந்துவிடும். "பாப்பா தன்பாட்டுக்குச் சாப்பிடுகிறது" என்றால் சுற்றி என்ன நடந்தாலும் கவனிக்காமல் தன் வேலையில் இருக்கிறது. நாலும் நாலு வேறு செய்தி. குழந்தை காப்பகத்தில் விட்டுப் போகிற தாய் இவற்றில் எதைச் சொல்கிறாள் என்பதைப் பொறுத்து ஆயா செய்யவேண்டிய வேலையே மாறும்.


ரோஸ்ஹில் வகுப்பறை, மொரீசியஸ்:

இந்த நாலு வாக்கியத்தையும் நாளைக்கே பலகையில் எழுதுகிறேன், நன்றி ஐயா. அடுத்த சந்தேகம் ‘தான்’ பற்றியது. நானே செய்தேன், நான்தான் செய்தேன், நானாகச் செய்தேன் மூன்றையும் கிரியோலில் பிள்ளைகள் ‘மோ மெம்’ அல்லது தூசெல்லில் அடக்கிவிடுகிறார்கள். "நான் தன் வேலையைச் செய்தேன்" என்றும் எழுதுகிறார்கள்.


குறில்நெடில், டர்பன்:

கடைசிப் பிழையை முதலில் பார்க்கலாம். தான், தன், தனக்கு, தன்னை ஆகியவை படர்க்கைக்கு மட்டுமே உரியவை. "அவன் தன் வேலையைச் செய்தான்" சரி. "நான் என் வேலையைச் செய்தேன்", "நீ உன் வேலையைச் செய்" என்று தன்மையிலும் முன்னிலையிலும் அந்தந்தப் பெயரே திரும்ப வரவேண்டும். பன்மையும் மரியாதையும் தாம், தங்கள் என்று மாறும்: "பிள்ளைகள் தங்கள் பைகளை எடுத்தார்கள்", "தலைவர் தாமாக முன்வந்தார்". நீதிமன்றச் செய்திகளில் "தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது" என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். புகார் யாரும் கொடுக்காமல் எடுத்தது என்று அர்த்தம். ‘யார் தூண்டி’ கேள்வி அங்கேயும் பொருந்துகிறது.

மற்ற மூன்றையும் எந்தக் கேள்விக்கு விடையாக வருகிறதோ அதை வைத்துப் பிரிக்கலாம். "இதை யார் செய்தது?" என்றால் "நான்தான்". பலருக்குள் ஆளைச் சுட்டுவது அது. "யாரை வைத்துச் செய்தாய்?" என்றால் "நானே செய்தேன்". வேறு கை படவில்லை என்று சொல்வது. "யார் சொல்லிச் செய்தாய்?" என்றால் "நானாகத்தான் செய்தேன்". ஏவல் இல்லை என்று சொல்வது. ஆகவே பயிற்சித்தாளில் வெறும் விடை வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் பயிற்சி பயனற்றுப் போகும். கேள்வியையும் சேர்த்தே அச்சடிக்க வேண்டும்.

‘நான் தான்’ என்று பிரித்து எழுத விடாதீர்கள். தேற்றப் பொருளில் (உறுதிப்படுத்திச் சொல்ல) வரும் தான் முன்சொல்லோடு ஒட்டியே நிற்கும்: நான்தான், நேற்றுத்தான், வீட்டில்தான். "வருவாய்தானே?" என்பதில் வருவதும் அந்த ஒட்டுத்தான், தன்கைப் பொருள் அதில் இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ‘நீயே வருவாய்’ என்று பொருள் எழுதுவதுண்டு.


செயின்ட் ஆந்த்ரே, ரெயூனியன்:

தானாக என்ற சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டு வினையில் தவறுவதுதான் இங்கே அதிகம். "கண்ணாடி தானாக உடைத்தது", "விளக்கு தானாக அணைத்தது". கிரியோலில் கண்ணாடி உடைந்ததற்கும் நான் உடைத்ததற்கும் ஒரே வினை, ‘காசே’. தமிழில் தன்வினை, பிறவினை என்று உருவம் மாறுகிறது. பொருள் எழுவாயாக நின்று ‘தானாக’ வந்தால் பின்னால் தன்வினைதான் வரவேண்டும்.

உடைந்தது, உடைத்தான். அணைந்தது, அணைத்தான். அறுந்தது, அறுத்தான். கலைந்தது, கலைத்தான். உருண்டது, உருட்டினான். நிரம்பியது, நிரப்பினான். நின்றது, நிறுத்தினான். இந்த ஏழு சோடியும் மனப்பாடமாக இருந்தால் அன்றாடப் பேச்சுக்குப் போதும். ‘திற’, ‘மூடு’ இரண்டும் விதிவிலக்கு: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். உருவம் ஒன்றே. அதனால்தான் கதவை வைத்து மட்டும் பாடம் நடத்தினால் இந்தப் பிழை ஆசிரியர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. கதவு, கண்ணாடி, கயிறு, குழாய் என்று பொருளை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.


யாங்கோன் தமிழ்வாசகர், பர்மா:

ஒண்டியாக, ஒத்தையாக, தன்னந்தனியாக என்பவற்றை எப்படி வகைப்படுத்துவது? எங்கள் பெரியவர்கள் பேச்சில் ‘ஒண்டியா’ நிறைய வருகிறது.


ஃபீனிக்ஸ் தமிழ்க்கொடி, மொரீசியஸ்:

ஒண்டி தெலுங்கிலிருந்து வந்தது, ஒற்றை என்று பொருள். ஒண்டிக்கட்டை என்றால் குடும்பம் இல்லாதவர். "ஒண்டிக்கு ஒண்டி வா" என்பது நேருக்கு நேர் மோத அழைப்பது. ‘ஒண்டுக்குடித்தனம்’ வேறு, ‘ஒண்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. ஒண்டுவது என்றால் ஒட்டி ஒதுங்கி இடம் தேடுவது. ஒண்டியாக இருப்பவர் துணையில்லாதவர், ஒண்டுக்குடித்தனக்காரர் பத்துக் குடும்பத்தோடு ஒரே முற்றத்தில் இருப்பவர். பெயரைப் பார்த்து இரண்டையும் சேர்த்துவிடக்கூடாது.

ஒத்தை என்பது ஒற்றையின் பேச்சு வடிவம். "ஒத்த ஆளா தூக்கிட்டான்" என்பதில் மெச்சுதல் இருக்கிறது. இதை ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஒற்றைக் கையால்’ என்று எழுதினால் மறுகையில் அடிபட்டிருக்கிறது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும்.

தன்னந்தனியாக என்பதில் அச்சமோ இரக்கமோ வியப்போ கட்டாயம் தொனிக்கும். "இருட்டில் தன்னந்தனியாக நடந்து வந்தாள்" சரி. "தன்னந்தனியாகப் பல் துலக்கினேன்" என்று எழுதினால் கேட்பவர் மிரண்டுபோவார். பிள்ளைகள் அழகுக்காக இதைச் சேர்ப்பார்கள். எந்த உணர்ச்சி என்று கேளுங்கள், சொல்லத் தெரியவில்லை என்றால் வெறும் தனியாக போதும்.

பழைய தமிழில் தனித்திருப்பவரைக் குறிக்கத் தமியன், தமியள், தமியர் என்ற சொற்கள் இருந்தன. குறளில் ஈகை அதிகாரத்தில் ‘தாமே தமியர் உணல்’ என்று வருகிறது. பிறருக்குக் கொடாமல் தாமே தனித்திருந்து உண்பது இரப்பதைவிடக் கொடியது என்கிற இடம். தாமே, தமியர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல்லை வள்ளுவர் அடுக்கவில்லை: வேறு வாய்க்குப் போகாமல் ‘தாமே’, பக்கத்தில் யாரும் இல்லாமல் ‘தமியர்’. மேல்வகுப்பில் இந்த ஓர் அடியைக் காட்டினால், நாம் இங்கே பிரித்துப் பேசுவது இலக்கியத்திலேயே பிரிந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்.


கோயில் அறிவிப்புப் பலகை, டர்பன்:

வகுப்பறைக்கு வெளியே இந்தச் சொல் அதிகம் தவறும் இடம் அறிவிப்புகள். தைப்பூசக் காவடி நாளில் ஒட்டுவதற்கு வரும் வாசகங்களில் ஒன்று: "பால்குடங்களைத் தனியாக வைக்கவும்." எதிலிருந்து தனியாக? காவடிகளிலிருந்தா, ஒவ்வொரு குடத்தையும் மற்றக் குடத்திலிருந்தா? படிப்பவர்கள் பாதிப்பேர் எல்லாக் குடத்தையும் ஒரே மூலையில் குவிப்பார்கள், மீதிப்பேர் இடைவெளி விட்டு வைப்பார்கள். ஒவ்வொன்றையும் பிரித்து வைக்கச் சொல்லவேண்டும் என்றால் ‘தனித்தனியாக’. மொத்தமாக ஓரிடத்தில் ஒதுக்க வேண்டும் என்றால் "காவடிகளோடு சேர்க்காமல் தனியாக" என்று எதிலிருந்து என்பதையும் எழுதவேண்டும்.

ஆட்களுக்கும் இதேதான். "குழுவினர் தனியாக வந்தார்கள்" என்றால் குழு சேர்ந்தே வந்தது, மற்றவர்களோடு வரவில்லை. "தனித்தனியாக வந்தார்கள்" என்றால் ஆளாளுக்கு வந்தார்கள். போட்டி விண்ணப்பத்தில் ‘தனிப்பாடல்’ என்று போடாமல் ‘தனிநபர் பாட்டு’ என்று போடுங்கள். தனிப்பாடல் என்றால் நூலில் சேராத உதிரிச் செய்யுள் என்றும் பொருள் இருப்பதால், படித்தவர்கள் செய்யுள் ஒப்பித்தல் என்று நினைத்துவிடுவார்கள்.

ஒற்று: தனியாகச் செய்தான், தனியாகப் போனான், தனித்துப் போட்டியிட்டார் இவற்றில் மிகும். ‘தனியே போனான்’ என்பதில் மிகாது. தனிக்கட்சி, தனிப்பட்ட, தனித்தமிழ் என்று தனிக்குப் பின்னால் வல்லெழுத்து மிகும். ‘தன்’னுக்குப் பின்னால் வல்லினம் மிகாது: தன் கை, தன் பெயர். தன்னம்பிக்கையில் வருவது தன் + நம்பிக்கை, ந தான் ன ஆகியிருக்கிறது. பலகை எழுதுகிறவர்கள் ‘தன்நம்பிக்கை’ என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள், அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.


ரோஸ்ஹில் வகுப்பறை, மொரீசியஸ்:

எல்லாவற்றையும் சேர்த்து எந்த வரிசையில் நடத்துவது? வாரம் ஒரு பாடவேளைதான் இதற்கு ஒதுக்க முடியும்.


குறில்நெடில், டர்பன்:

மூன்று வாரம் போதும், டீச்சர். வரிசைதான் முக்கியம்.

முதல் வாரம் மனிதர்கள் மட்டும், சொல்லும் இரண்டே இரண்டு: தனியாக, தானே. பன்னிரண்டு துண்டுச் சீட்டில் கேள்வியோடு சேர்ந்த வாக்கியங்கள், தனியாகவுக்கு ஆறு, தானேக்கு ஆறு. சீட்டில் சொல் இருக்கவேண்டிய இடத்தில் கோடு. இரண்டு கூடை. பிள்ளை சீட்டைப் படித்து, ‘யாரோடு’ அல்லது ‘யார் கையால்’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும். ஆறில் இரண்டு சீட்டாவது இரண்டு பேர் தனியாக இருக்கும் வாக்கியமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கைப் பழக்கம் உள்ளே புகுந்துவிடும்.

இரண்டாம் வாரம் பொருட்கள்: கண்ணாடி, கயிறு, விளக்கு, தொட்டி, வண்டி. தானாக என்ற மூன்றாம் கூடை. செயின்ட் ஆந்த்ரே சொன்ன வினைச் சோடிகளை இந்த வாரமே கொடுங்கள். கதவுக்கு ஒரே ஒரு சீட்டு.

மூன்றாம் வாரம்தான் நானாக, அவராக, தாமாக. மனிதர்களுக்கு ‘ஆக’ வரும்போது ஏவல் இல்லை என்ற பொருள் என்பதை அப்போது சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் "தாத்தா தானாக வாழ்கிறார்" என்று எழுதக் காரணம், கதவை முதலில் காட்டித் தானாகவை அறிமுகப்படுத்தியதுதான். தனியாக தவறு, தானாக சரி என்று பிள்ளை பொதுவாக எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றிவிடும்.

சீட்டில் ‘கற்றுக்கொண்டான்’ என்ற வினையைத் தவிர்க்கவும். தானே கற்றுக்கொண்டான், தானாகக் கற்றுக்கொண்டான் இரண்டும் சரியாகவே நிற்கும், கூடையில் போட முடியாமல் வாதம் வரும். ‘முடிவெடுத்தான்’ என்பதும் அப்படியே. ‘சுயமாக’, ‘சொந்தமாக’ இரண்டையும் இந்த மூன்று வாரத்தில் உள்ளே விடாதீர்கள். ‘சொந்தமாக வீடு கட்டினான்’ என்றால் வீடு அவனுடையது, கட்டியது கொத்தனார்.


ரோஸ்ஹில் வகுப்பறை, மொரீசியஸ்:

கடைசியாக ஒன்று. ‘தன்னாலே’ என்று பாட்டிமார் சொல்வதைத் தானாகக் கூடையில் போடலாமா? "காய்ச்சல் தன்னாலே போயிடும்."


குறில்நெடில், டர்பன்:

போடலாம். மருந்தும் வேண்டாம், தூண்டுதலும் வேண்டாம், போய்விடும் என்பதுதான். எழுதும்போது ‘தானாகவே’ என்று மாற்றச் சொல்லுங்கள். எழுத்தில் ‘தன்னால்’ என்றால் ‘அவனால்’ என்ற பொருளும் வந்துவிடும்: "தன்னால் முடியாது என்றான்." அந்த வாக்கியத்தையும் ஒரு சீட்டில் எழுதி மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு.